கண்ணுக்கு மட்டும் கறுப்பு

அத்தியாயம் நான்கு

இதற்கு முந்தைய மூன்று அத்தியாயங்களைப் படிக்காதவர்கள் கவலைப்பட வேண்டாம். அவற்றில் நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை. முதல் அத்தியாயத்தில், துணிப்பைகளில் படம் அச்சடிக்கும் பட்டறை முதலாளி ஒருவர் என்னைத் தேடி வந்தார். இரண்டாவதில் தவறான ஆளைப் பின்தொடர்ந்து போய் ஒரு பல் டாக்டரின் வரவேற்பறையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவதில் அந்த டாக்டர் என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். வழக்கு இருந்த இடத்திலேயே இருந்தது. பல் மட்டும்தான் இடம் மாறியிருந்தது.

வழக்கைச் சொல்லிவிடுகிறேன். பையில் ஒரு படம் விழ வேண்டுமென்றால், முதலில் அதைக் கண்ணாடிபோல் இருக்கும் பிலிமில் கறுப்பு மையால் பிரின்டரில் அடித்துக்கொள்ள வேண்டும். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணிக்குத் திரை என்று பெயர். அதில் ஒரு பூச்சைத் தடவிக் காயவைத்து, பிலிமோடு சேர்த்து விளக்கு மேஜையில் வைத்து வெளிச்சம் காட்டுவார்கள். வெளிச்சம் பட்ட இடத்தில் பூச்சு கெட்டியாக இறுகிவிடும். பிலிமின் கறுப்பு மறைத்துக்கொண்ட இடம் மட்டும் இறுகாமல், தண்ணீர் பீய்ச்சினால் கழன்று ஓடிவிடும். அந்தத் திறப்பு வழியாகத்தான் சாயம் பையில் இறங்கும்.

பன்னிரண்டு நாட்களாக அந்தப் பட்டறையில் கழன்று ஓட வேண்டியது ஓடவில்லை. இரண்டு ஆர்டர்கள் திரும்பிப் போய்விட்டன. மூன்றாவது ஆர்டர் ஒரு செடிக் கடைக்கு ஆயிரம் பைகள். படம் ஒரு பெரணி இலை. நரம்பெல்லாம் தலைமுடி அளவுக்கு மெல்லியது. கடைக்காரர் நாளைக் காலை பத்து மணிக்கு மாதிரி பார்க்க வருகிறார். இதுவரை மூன்று திரை போட்டும் இலை வந்தது, நரம்பு வரவில்லை.

முதலாளிக்குச் சந்தேகம் பிலிம் அடிக்கும் பெண் மீது. விரல் நுனிகள் எப்போதும் கறுப்பாகவே இருப்பதால் பட்டறையில் அவருக்கு மை அக்கா என்று பெயர். அடுத்த தெருப் பட்டறை அவரை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறது, போகும்முன் வேண்டுமென்றே வேலையைக் கெடுக்கிறார் என்பது முதலாளியின் கணக்கு. பணிநீக்கக் கடிதம் தட்டச்சாகி மேஜை இழுப்பறையில் தயாராக இருந்தது. காரணம் என்ற இடத்தில் 'வேண்டுமென்றே தொழிலைக் கெடுத்தது' என்று போட்டிருந்தார். அந்த வட்டாரத்தில் இருக்கும் பதினோரு பட்டறை முதலாளிகளும் தினமும் ஒரே கடையில் டீ குடிப்பவர்கள். அந்த ஒரு வரி போதும், பதினோரு கதவும் சாத்திக்கொள்ளும். மை அக்கா கணவரை இழந்தவர், பள்ளி இறுதியாண்டு படிக்கும் மகளை இந்தச் சம்பளத்தில்தான் வளர்க்கிறார். கடிதம் கைக்குப் போக இருந்த நேரம் மாலை ஐந்து. அதற்குள் நான் ஆதாரம் கொடுக்க வேண்டும்.

நாங்கள் உள்ளே நுழைந்தபோது மணி இரண்டு. நாங்கள் என்றால் நானும் என் சகலையும். என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். மூக்குக் கண்ணாடிக் கடையில் விற்பனையாளர். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. அந்த ஒரு நாளை என்னோடு கழிக்க அவர் விரும்புவதற்குக் காரணம் பாசம் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். மற்ற ஆறு நாளும் கடையில் சொல்லிச் சிரிக்க விஷயம் சேர்க்கத்தான் வருகிறார் என்று பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கே பேருந்தில் என் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்து வெயிலில் நீட்டி, மேலே கண்ணாடியைப் பிடித்தார். அட்டையின் வெள்ளைப் பொட்டு ஊதாவாக மாறியது. கெடுதல் செய்யும் புற ஊதா வெளிச்சம் பட்டால் அந்தப் பொட்டு நிறம் மாறுமாம், நிழலுக்கு வந்தால் மறுபடி வெள்ளையாகிவிடுமாம். கடையில் நல்ல கண்ணாடியைக் காட்டி விற்க வைத்திருக்கிறார்கள். என்னுடையது எதையும் தடுக்கவில்லை. "இது கறுப்புக் கலர் அடிச்ச ஜன்னல், சகலை" என்றார். ஒரு துப்பறிவாளனின் தோற்றம் வேறு, கண் ஆரோக்கியம் வேறு என்று விளக்கினேன். பக்கத்து இருக்கைக்காரர்கூடச் சிரித்தார்.

ரகசியம் காக்க, எங்களை இயந்திரம் பழுது பார்ப்பவர்கள் என்று அறிமுகப்படுத்தும்படி முதலாளியிடம் சொல்லியிருந்தேன். அவரும் அப்படியே செய்தார். மை அக்கா எங்களுக்கு நாற்காலி போட்டுவிட்டு, துப்பறிய வந்தவர் எங்களில் யார் என்று மட்டும் கேட்டார். நேற்றே பட்டறை முழுக்கத் தெரிந்திருக்கிறது. சகலை மரியாதையாக என்னைச் சுட்டிக்காட்டிவிட்டு, தான் கூட வந்தவர்தான், இதில் தனக்குப் பொறுப்பு எதுவும் இல்லை என்று சொல்லிக்கொண்டார்.

பிலிம் அறை சின்னது. கண்ணாடி ஜன்னல் சாத்தியிருந்தது. கதவில், தண்ணீர் பாட்டிலோடு யாரும் உள்ளே வரக் கூடாது என்று கையால் எழுதி ஒட்டியிருந்தது. ஈரம் பட்டால் பிலிமின் மேல்பூச்சு பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்றார் அக்கா. பிரின்டரின் பக்கவாட்டில் மைத்தொட்டி. அலமாரியில் வேலைவாரியாகத் தேதி போட்ட உறைகளில் பழைய பிலிம்கள்.

எதையும் மறைக்காமல் ஒரு பிலிம் அடித்தே காட்டினார். தாளின் ஒரு மூலையை ஈர விரலால் தொட்டு, ஒட்டுகிற பக்கம் எது என்று பார்த்து மேலே வைத்தார். வழவழப்பான பக்கத்தில் அடித்தால் மை முத்து முத்தாக நின்று வழிந்துவிடுமாம். பிரின்டரில் புகைப்படத் தாள் என்றும், உயர்ந்த தரம் என்றும் தேர்ந்தெடுத்தார். அப்போதுதான் அது மையைத் தாராளமாகக் கொட்டும். இலை மெதுவாக, ஒரு நரம்பும் தப்பாமல் வெளியே வந்தது. அதைக் கிளிப்பில் மாட்டித் தொங்கவிட்டார்.

நான் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முதலில் கண்ணாடியைக் கழற்றும்படி சகலை காதோடு சொன்னார். கழற்றிய பிறகும் கறுப்பு கறுப்பாகவே இருந்தது. அட்டக்கரி நிறம். இரண்டு மாதத்துக்கு முந்தைய பிலிம் ஒன்றை உறையிலிருந்து உருவிப் பக்கத்தில் பிடித்தேன். அது துருப்பிடித்த பழுப்பு. வெளிச்சத்தில் பார்த்தால் அந்தப் பக்கம் நிற்கும் சகலையின் மூக்குகூட மங்கலாகத் தெரிந்தது. இந்தப் பழுப்பைத்தான் போன மாதம் முதலாளி ஒரு வாடிக்கையாளர் முன்னாலேயே தூக்கி ஆட்டி, இதுவா கறுப்பு, கண் தெரியாதவன்கூட இதைக் கறுப்பு என்று சொல்லமாட்டான் என்று அக்காவைக் கிழித்திருக்கிறார். அதற்குப் பிறகு எப்படி இவ்வளவு கறுப்பானது என்று சகலை கேட்டார்.

"தானா ஆயிடுச்சு சார்" என்று சொல்லிவிட்டு அக்கா பிரின்டரைப் பார்த்தார்.

சகலை என்னைப் பார்த்தார். நான் பிலிமைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மூளை அப்போது முழு வேகத்தில் தவறான திசையில் ஓடிக்கொண்டிருந்தது. பிலிம் அப்பழுக்கில்லாத கறுப்பு. ஆகவே பிலிம் அடித்தவர் குற்றமற்றவர். ஆகவே கோளாறு திரையைக் கழுவுகிற இடத்தில். இவ்வளவு சுத்தமான தர்க்கம் என் தலையில் உதித்ததே எனக்கு ஒரு எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும்.

கழுவுமிடம் பட்டறையின் பின்பக்கம். அங்கே இருப்பவரைத் தண்ணி அண்ணன் என்பார்கள். ஒரு சொட்டு மது தொட்டறியாதவர். நாள் முழுக்க ரப்பர் குழாயும் கையுமாக நிற்பதால் வந்த பெயர். ஐம்பதை நெருங்குகிறவர், கல்யாணமாகாதவர், ஒன்பது வருடமாக அங்கே இருக்கிறார். வெளிச்சம் காட்டுவதும் கழுவுவதும் அவர் வேலை. நாங்கள் போனபோது நரம்பில்லாத இலை ஒன்றைக் கைவலிக்கப் பீய்ச்சிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு நாளாக இப்படித்தானாம், பீய்ச்சிப் பீய்ச்சி தோள்பட்டை இறங்கிவிட்டது என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள்.

நான் முதலாளியை வரவழைத்தேன். வரவழைத்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஈரத்தரையில் மூன்று அடி நடந்தேன். நான்காவது அடியில் வழுக்கியது. சகலை பிடித்துக்கொண்டார். அந்த நிலையிலேயே, அவர் கையில் பாதி தொங்கியபடியே, குற்றவாளி தண்ணி அண்ணன்தான் என்று அறிவித்தேன். வெளிச்சத்தை அதிக நேரம் காட்டிப் பூச்சை இறுக வைப்பவர் அவர் என்றேன்.

அண்ணன் குழாயை மூடினார். கோபப்படவில்லை. "அப்படியே வச்சுக்கோங்க. என்னை அனுப்பிடுங்க, அவங்க வேலை இருக்கட்டும்" என்றார்.

ஒப்புதல் வாக்குமூலம் இவ்வளவு சீக்கிரம் கிடைத்து எனக்குப் பழக்கமில்லை. சகலையை வெற்றிப் பார்வை பார்த்தேன். அவர் என் வெற்றியைக் கண்டுகொள்ளாமல், கடிகாரம் பார்த்து வெளிச்சம் காட்டும் ஆள் பன்னிரண்டு நாளாகவா தப்பு பண்ணுவார் என்று முதலாளியிடம் கேட்டார். நேரம் குறிக்கும் கருவி தானாக அணையும் வகை, ஒரே அளவில் வைத்திருக்கிறது என்று முதலாளியே சொன்னார். என் தர்க்கம் அத்தோடு படுத்துவிட்டது.

"ஒரு பழைய பிலிம், ஒரு புது பிலிம். ரெண்டும் குடுங்க. உங்க விளக்கு மேஜைய ஒரு பத்து செகண்ட் போடணும்" என்றார் சகலை.

அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்தது அதே அட்டைதான். பூச்சை இறுக்குவதும் அந்தப் புற ஊதா வெளிச்சம்தானாம். மேஜைக் கண்ணாடியில் பழுப்பு பிலிமை வைத்து, அதன் பழுப்பின் மேல் பொட்டு கவிழ்ந்திருக்கும்படி அட்டையை வைத்து மூடியைச் சாத்தினார். விளக்கு எரிந்து அணைந்தது. அட்டையைத் திருப்பிக் காட்டினார். பொட்டு வெள்ளையாகவே இருந்தது. பிறகு புது பிலிம். என் கண்ணுக்கு அட்டக்கரியாகத் தெரிந்த அதே பிலிம். விளக்கு எரிந்து அணைந்தது. பொட்டு கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது.

 சகலையே விளக்கினார். நம் கண் பார்க்கிற கறுப்பு ஒன்று, அந்த விளக்குக்குக் கறுப்பு வேறொன்று. துருப்பிடித்த பழுப்பு, பார்க்க அசிங்கமாக இருந்தாலும் அந்த வெளிச்சத்தை வாசலிலேயே நிறுத்தியது. இந்த அழகான கறுப்பு அதை உள்ளே விட்டுவிட்டது. அதனால்தான் நரம்பு இருக்க வேண்டிய இடத்திலும் பூச்சு இறுகிப்போனது.

முதலாளி மெதுவாகத் தலையாட்டினார். ஆட்டிவிட்டு அலுவலக அறைக்குப் போய் கடிதத்தோடு திரும்பி வந்தார். கோளாறு பிலிமில், பிலிம் அடிப்பது அவள், இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும் என்று கேட்டார். எங்கள் முன்னாலேயே கையெழுத்தும் போட்டார். ஆகமொத்தம், மை அக்காவைக் காப்பாற்றக் கிளம்பி, அவருக்கு எதிரான வழக்கில் இருந்த ஒரே ஓட்டையையும் நானே என் செலவில் அடைத்துக் கொடுத்திருந்தேன். துப்பறிவாளனாக என் வாழ்க்கையில் நான் பெற்ற முதல் முழு வெற்றி அது. 

மணி நான்கு இருபது. ஐந்து மணி என்று சொன்னது ஐந்து மணியாகவே இருக்கட்டும் என்று முதலாளியிடம் கெஞ்சினேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சரி என்றார்.

மறுபடியும் பிலிம் அறை. மை மாறியிருக்கிறது, அது மட்டும் உறுதி. அக்கா அலமாரியிலிருந்து வழக்கமான மைப்புட்டியை எடுத்துத் தந்தார். ஒவ்வொரு முறை தொட்டியில் ஊற்றிய பிறகும் புட்டியின் மட்டத்தில் ஒரு கோடு கிழித்துத் தேதி போடுவது அவர் பழக்கம். கடைசிக் கோடு பதினைந்து நாளுக்கு முந்தையது. மை இன்னும் அந்தக் கோட்டிலேயே நின்றது. பிரின்டரின் தொட்டியோ முக்கால்வாசி நிறைந்திருந்தது. பதினைந்து நாள் பிலிம் அடித்த தொட்டி நிறைந்திருக்கிறது, புட்டி குறையவில்லை.

இதை நான் கண்டுபிடித்தேன் என்று எழுத ஆசைதான். சகலை இந்த அத்தியாயத்தைப் படிப்பார்.

வேறு யாரோ, வேறு புட்டியிலிருந்து ஊற்றியிருக்கிறார்கள். யார் என்று அக்காவைக் கேட்டேன். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு, தனக்குத் தெரியாது என்றார். அது உண்மைபோலவும் இருந்தது, முழு உண்மை இல்லைபோலவும் இருந்தது. வாசலில் தண்ணி அண்ணன் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. ஈரக்கால் என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றார்.

அப்போது என் பேனா கீழே விழுந்தது. பிரின்டர் மேஜைக்கு அடியில் உருண்டது. நான் மண்டியிட்டுக் குனிந்தேன். என் தொழில் வாழ்க்கையின் ஒரே சொந்தக் கண்டுபிடிப்பு இப்படித்தான், நான்கு காலில் நிகழ்ந்தது. அந்த அறையின் தரை முழுக்க வருடக்கணக்கான மைக்கறை. துணியில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துத் துடைத்து ஒரே சாம்பல் தீற்றல். ஆனால் மேஜைக்கு அடியில், மைத்தொட்டிக்கு நேர் கீழே, நான்கு ஓடுகள் மட்டும் புதுசுபோல் வெள்ளை வெளேரென்று இருந்தன. ஓடுகளின் இடுக்கில்கூட அழுக்கில்லை. பக்கத்துக் கீழ்த்தட்டில் இருந்த பிலிம் கட்டை இழுத்துப் பார்த்தேன். அடியில் இருந்த ஏழெட்டுத் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாக இருந்தன.

ஊற்றும்போது மை சிந்தியிருக்கிறது. சிந்தியவர் அதைத் துணியால் துடைக்கவில்லை. தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவியிருக்கிறார். இந்த அறைக்குள் தண்ணீர் கூடாது என்று கதவில் எழுதி ஒட்டிய அக்கா அதைச் செய்யமாட்டார். முதலாளி தன் டீ டம்ளரைக்கூடக் கழுவாத மனிதர். கறை என்று கண்டால் வாளித் தண்ணீரைத் தவிர வேறு வழியே தோன்றாத ஆள் அந்தப் பட்டறையில் ஒருவர்தான்.

நான் மேஜைக்கு அடியிலிருந்தே தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தேன். தண்ணி அண்ணன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்தபோது மேஜை விளிம்பில் தலை இடித்தது.

"ஆக, நீங்க முதல்ல சொன்ன ஆளேதான்" என்றார் சகலை. "வழி பூரா தப்பு, விடை மட்டும் சரி. பரீட்சைல இதுக்கு மார்க் கிடையாது சகலை."

ஐந்து மணிக்கு எல்லோரும் அலுவலக அறையில் இருந்தோம். வரும் வழியிலேயே நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். மை மாறியது, யார் மாற்றினார் என்பது தெரியவில்லை என்று சொல்லிவிடலாம். ஒன்றும் கண்டுபிடிக்காமல் திரும்புவது எனக்குப் புதிதல்ல, யாரும் சந்தேகப்படமாட்டார்கள். அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆனால் நான் இரண்டாவது வாக்கியத்துக்குப் போவதற்குள் தண்ணி அண்ணன் ஒரு அடி முன்னால் வந்துவிட்டார்.

மையை ஊற்றியது தான்தான் என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டறையைக் கழுவ வந்தபோது. கடையில் இருப்பதிலேயே கறுப்பான மை எது என்று கேட்டு, தன் சொந்தக் காசில் வாங்கி, தொட்டியில் இருந்த பழையதை உறிஞ்சி எடுத்துவிட்டு ஊற்றியிருக்கிறார். அதனால் திரை கெடும் என்று அவருக்குத் தெரியாது. கெட்ட திரைகளைக் கழுவிக் கழுவித் தோள் இறங்கியதும் அவருக்குத்தான். இன்று அட்டை ஊதாவானபோதுதான் விஷயமே புரிந்திருக்கிறது.

உனக்கு எதற்கு இந்த வேலை என்று முதலாளி கேட்டார்.

"பிலிம் பழுப்பா இருக்குன்னு அவங்கள ஆள் முன்னாடி பேசினீங்க. கறுப்பா வந்தா பேசமாட்டீங்கன்னு நினைச்சேன்."

அவ்வளவுதான் சொன்னார்.  முதலாளி பேனாவை எடுத்து, கடிதத்தில் மை அக்காவின் பெயரை அடித்துவிட்டு, அதற்கு மேல் தண்ணி அண்ணனின் பெயரை எழுதினார். அவருக்கு யாரையாவது அனுப்பியாக வேண்டும், கையெழுத்துப் போட்டாயிற்று. நான் அவரைத் தடுக்க வாயைத் திறந்தேன். 

"என் பேரை அடிக்காதீங்க சார்" என்றார் மை அக்கா. "ரெண்டு பேரோட பேரும் இருக்கட்டும்."

அதுவரை அவர் குரல் உயர்ந்து நான் கேட்கவில்லை. அப்போதும் உயரவில்லை. ஆனால் அறையில் எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

"மை மாறினது முதல் பிலிம்லயே எனக்குத் தெரியும். வாசனையே வேற. நீங்கதான் மாத்தியிருப்பீங்கன்னு நினைச்சேன். கேட்டிருக்கணும், கேக்கல. அன்னைக்கு அந்த பிலிமத் தூக்கிப் பாத்துட்டு, இப்பதான் நல்லா இருக்குன்னு சொன்னீங்க. ஏழு வருஷத்துல ஒரு தடவ. அதக் கெடுத்துக்க எனக்கு மனசு வரல."

திரைகள் கெட ஆரம்பித்தபோது மையாகத்தான் இருக்கும் என்று தோன்றியதாகவும், சொன்னால் முதலாளி மீதே பழி போடுவதாக ஆகும் என்று பயந்ததாகவும் அவர் தொடர்ந்து சொன்னார். மகளின் படிப்பு முடியும்வரை எப்படியாவது வாயை மூடிக்கொண்டு ஓட்டிவிடலாம் என்று நினைத்தாராம். கண்களைத் துடைத்துக்கொண்டார். கன்னத்தில் கறுப்பாக ஒரு தீற்றல் விழுந்தது.

பழுப்பாக இருந்தபோது திட்டியவர் முதலாளி. கறுப்பானதும் பாராட்டியவரும் அவர்தான். பன்னிரண்டு நாளும் தினம் ஒரு பிலிமைத் தூக்கிப் பார்த்து, இதில் குறையில்லை, ஆகவே இவள் வேறு ஏதோ செய்கிறாள் என்று முடிவு கட்டியவரும் அவரே. அதை அவர் இப்போது வரிசையாக நினைத்துப் பார்க்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. நான் அவரைக் குறை சொல்லும் நிலையில் இல்லை. அதே பிலிமை ஜன்னலில் பிடித்து அப்பழுக்கில்லை என்று தீர்ப்பு எழுதியவன் நான்.

முதலாளி கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, செடிக் கடைக்காரர் காலையில் வருவாரே, என்ன செய்வது என்று கேட்டார். மன்னிப்பு என்ற வகையில் அவரால் முடிந்தது அவ்வளவுதான். யாரைக் கேட்கிறார் என்று அவர் சொல்லவில்லை. மை அக்காதான் பதில் சொன்னார். தொட்டியைக் காலி செய்து, குழாயெல்லாம் சுத்தம் செய்து பழைய மைக்கு மாற்ற ஒரு நாள் ஆகும், அதற்கு நேரமில்லை. இருக்கிற மையிலேயே ஒரே படத்தை இரண்டு பிலிமில் அடித்து ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டினால், முதலாவது விட்ட வெளிச்சத்தை இரண்டாவது பிடித்துக்கொள்ளும். ஆனால் நான்கு மூலைக் குறிகளும் முடியிழை அளவுகூட விலகக் கூடாது. அதற்கு ஆள் வேண்டும்.

ஆறு மணிக்கு விளக்கு மேஜையைச் சுற்றி நின்றோம். இரண்டு இலைகளும் காய்ந்திருந்தன. அக்கா மேல் பிலிமை விரல் நுனியால் நகர்த்த, ஒரு மூலையைத் தண்ணி அண்ணனும், ஒன்றை சகலையும், ஒன்றை முதலாளியும் பிடித்துக்கொண்டார்கள். நான்காவது மூலை எனக்கு என்று போனேன். என் நிழல் விழுகிறது என்று தள்ளி நிற்கச் சொன்னார்கள். அக்கா முதலாளியிடம், கொஞ்சம் இடது, போதும், அசையாதீங்க என்றார். முதலாளி அசையவில்லை. மூச்சுகூட விட்டாரா என்று சந்தேகம்தான்.

கடிதம் என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை. பிலிம் ஒட்டி முடித்த கையோடு அவர் அதைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நான்காகக் கிழித்து, சாயம் துடைக்கும் குப்பைக் கூடையில் போட்டதை சகலை பார்த்தாராம். நான் பார்க்கவில்லை. நான் அப்போது வேறெங்கோ கூர்ந்து கவனித்துக்கொண்டிருந்தேன்.

வெளிச்சம் காட்டி முடித்த திரையைத் தண்ணி அண்ணன் கழுவுமிடத்துக்குக் கொண்டுபோனார். இந்த முறை பீய்ச்சவில்லை. குழாயைப் பாதி திறந்து, விரலால் தண்ணீரைச் சிதறவிட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நடுத்தண்டு வெளுத்துத் திறந்தது. அதிலிருந்து ஒரு நரம்பு, இன்னொரு நரம்பு, கடைசியில் நுனியில் இருந்த மிக மெல்லியவைகூட ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டன. திரைக்குப் பின்னால் பல்பை வைத்தபோது ஒரு முழு இலை சுவரில் விழுந்தது.  பக்கத்தில் நின்ற முதலாளி மூக்கை உறிஞ்சியது கேட்டது.

மை அக்கா துணியில் கையைத் துடைத்துக்கொண்டே அண்ணனிடம் போனார்.

"அடுத்த தடவ மை வாங்கத் தனியாப் போகாதீங்க" என்றார். "நானும் வரேன்."

தண்ணி அண்ணன் குழாயை மூடினார். தலையாட்டினார். பிறகு மறுபடியும் குழாயைத் திறந்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த திரையை முதலிலிருந்து கழுவ ஆரம்பித்தார்.

வெளியே தெருவில் நடக்கும்போது, இது மிகச் சரியான ஏற்பாடு, மை வாங்கும்போது விஷயம் தெரிந்தவர் கூடப் போனால் இந்தக் கோளாறு திரும்ப வராது, இதை என் அறிக்கையிலும் பரிந்துரையாக எழுதப்போகிறேன் என்று சகலையிடம் சொன்னேன்.

அவர் நடு நடைபாதையில் நின்றுவிட்டார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சகலை, உங்களுக்கெல்லாம் எப்படிக் கல்யாணம் ஆச்சு?"

அவர் எதைச் சொல்கிறார் என்று எனக்குப் புரிய, பேருந்து இரண்டு நிறுத்தம் தாண்ட வேண்டியிருந்தது.